கித்தங்கித் தெருவில் நடக்கும் மெட்டு

சின்னக் கித்தங்கித் தெருவில் முக்கில் குட்டிக் கோயிலாக நிற்கிற அந்தோனியார் கெபியின் திருநாளன்று சாயங்காலம் கரண்ட் போனது ஒரு அதிசயமும் இல்லை, வருசா வருசம் போவதுதான், சீரியல் லைட்டும் குழாய் ஸ்பீக்கரும் ஐஸ்கிரீம் வண்டியும் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கினால் அது வேறென்ன செய்யும், பாவம். ஆனால் அந்த வருசம் கரண்ட் போன நேரத்தில் மேடையில் உட்கார்ந்திருந்தது செலஸ்டினா, மடியில் கிதார், காலடியில் லூப்பர் பெட்டி, ஆகவே கரண்ட் போன பிறகும் அவள் வாசித்த மெட்டு போகவில்லை, மேடையை விட்டு இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தது.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் சரக்கு அடுக்கி வைத்த கித்தங்கிகள் இருந்த தெரு அது. செலஸ்டினா அங்கேயே பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிதாரை முறையாகப் படித்துத் தேர்வெல்லாம் எழுதித் தேறியவள், தேறின கையோடு அந்தக் கிதாரின் வயிற்றுக்குள் ஒரு மைக்கை ஒட்டி, ஒயரை லேப்டாப்பில் சொருகி, வாசிக்க வாசிக்கவே அந்தச் சத்தத்தை இழுப்பாள், நசுக்குவாள், தலைகீழாகத் திருப்புவாள். "அருமையா வாசிக்கிற பிள்ள, எதுக்கு அதைப் போட்டு மிக்ஸில அடிக்குது?" என்று எதிர்வீட்டு மிராந்தா மாமா கேட்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், நிலக்கரித் தூசி நெஞ்சில் தங்கிவிட்டதால் இருமிக்கொண்டேதான் எதையும் சொல்வார்.

செலஸ்டினாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, பெரிய ஆசையொன்றும் இல்லை, தான் உருவாக்கின ஒரு நீளப் பாட்டை யாராவது முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அது நடக்கவே இல்லை. கல்யாண வீட்டில் வாசித்தால் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மாப்பிள்ளையின் அண்ணன் வந்து, "அக்கா, இப்ப ஒரு நல்ல பாட்டு" என்பான். கல்லூரி விழாவில் வாசித்தபோது பந்தி போட்டுவிட்டார்கள், மண்டபமே எழுந்து போனது. புருசன் கஸ்பாருக்கு அவள் என்றால் உயிர், ஆனாலும் மனுசன் மக்ரூன் போடுகிறவர், இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டுகிறவர், பாட்டு பாதியைத் தொடும்போது அவர் தலை தொங்கிவிடும். குறை சொல்ல முடியாது.

அன்றைக்குத் திருநாளில் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி மேடை வாங்கியிருந்தாள். லூப்பர் பெட்டி என்பது வேறொன்றுமில்லை, காலால் ஒரு மிதி மிதித்தால் வாசிப்பதைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது மிதிக்குப் பிடித்ததைச் சுற்றிச் சுற்றிச் சொல்லும், அதன்மேல் வேறெது விழுந்தாலும் அதையும் சேர்த்துக்கொள்ளும். முதல் மிதி மிதித்துச் சின்னதாக ஒரு மெட்டை வாசித்தாள், பாதி மெட்டில் கரண்ட் போனது. வேறு ஊர்க்காரி என்றால் கையை எடுத்திருப்பாள். கித்தங்கித் தெருக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, கோயிலில் கரண்ட் போனாலும் பாட்டு நிற்கக்கூடாது என்று சின்ன வயசிலிருந்தே பழகினவர்கள், ஆகையால் அவள் இருட்டிலேயே மெட்டை முடித்து இரண்டாவது மிதியையும் மிதித்தாள். பெட்டி தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றி வா என்று மெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, சுற்றுவதற்குப் பெட்டி இல்லை. அது என்ன செய்யும், தெருவைச் சுற்றியது.

கெபியில் கிளம்பி, வீடு வீடாகத் தாண்டி, கடலோர முக்கில் கஸ்பாரின் பேக்கரி வரை போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்பி வரும். வேகம் என்றால், வயசான மனுசி ஒருத்தி கடைக்குப் போகிற வேகம். முதல் நாள் நாய்கள் குரைத்தன, மறுநாள் அதன் பின்னாலேயே நடந்தன, அதற்கப்புறம் வாலைக்கூட ஆட்டவில்லை. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து கம்பத்தையும் மீட்டரையும் பார்த்து, "இது நம்ம கரண்ட்ல ஓடல" என்று சொல்லி ஒரு மோர் குடித்துவிட்டுப் போனார். பங்குச்சாமியாரிடம் கேட்டார்கள், அவர் யோசித்து, பூசை நேரத்தில் வாசலோடு நின்றுகொள்ளட்டும் என்றார், அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது வாசலோடு நின்றுகொண்டது. பக்கத்துத் தெருக்காரர்கள்தான் கொஞ்சம் துள்ளினார்கள், ட்ரான்ஸ்பார்மர் எங்கள் தெருவில் நிற்கிறது, ஆகவே மெட்டு எங்களுக்கும் பாத்தியம் என்று. "அப்பம் கூட்டிட்டுப் போங்களேன், யாரு வேண்டாங்கா?" என்றார்கள் இவர்கள். கொட்டடித்துக் கூப்பிட்டும் பார்த்தார்கள். அது முக்கு வரை வந்து, கொஞ்சம் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டது.

ஒரு மாசத்துக்குள் அது இல்லாமல் தெருவில் ஒரு காரியமும் நடக்கவில்லை. பால் வைத்தவர்கள் மெட்டு போய்த் திரும்புகிற நேரத்துக்கு அடுப்பை அணைத்தார்கள். மீன்காரம்மா அது தாண்டும் வரை விலை சொல்லாமல் நின்றாள், தாண்டினதும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். கஸ்பார் முட்டை வெள்ளையையும் சீனியையும் அடிக்கிற மெசினை, மெட்டு பேக்கரி வாசலுக்கு வரும்போது நிறுத்திப் பார்த்தார், நுரை கொம்பு மாதிரி நின்றது, அந்த மாதிரி மக்ரூனை அவர் ஆயுசில் போட்டதில்லை. அடுத்த வீட்டு அனிட்டாவின் புருசன் கப்பலில் வேலை பார்க்கிறவன், அவள் கைக்குழந்தையோடு தனியாக அல்லாடிக்கொண்டிருந்தாள், குழந்தை இப்போது மெட்டு வந்தால்தான் கண்ணைச் சொக்கியது. புருசனும் கப்பலிலிருந்து கூப்பிட்டால், "போனை சன்னல்ல வையி, அது வரட்டும்" என்றுதான் முதலில் சொன்னான்.

மிராந்தா மாமா மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் வாசலில் நின்று மெட்டு தாண்டுகிற நேரம் பார்த்து ஓங்கி ஒரு தும்மல் போட்டார். மேலே விழுவதைச் சேர்த்துக்கொள்கிற குணம் பெட்டியை விட்டு வந்தும் மெட்டுக்குப் போகவில்லை. அது தும்மலையும் தூக்கிக்கொண்டு நடந்தது. மெட்டு வரும், கடைசியில் மிராந்தா மாமாவின் தும்மல் வரும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தும்மினவருக்குச் சொல்கிற பழக்கதோசத்தில் "சேசு மரி சூசை" என்பார்கள், இப்படி ஒரு முக்கிலிருந்து மறு முக்கு வரை தெருவே அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தது, தும்மல் தேய்ந்து மறைகிற வரைக்கும். பஞ்சை எடுத்து எறிந்துவிட்டார் மனுசன். மெட்டு கொஞ்சம் சுணங்கினால் அவர்தான் முதலில் தெருவுக்கு வந்து, "எங்க இன்னும் காணும்?" என்று கேட்பார்.

எல்லாருக்கும் சந்தோசம், செலஸ்டினாவுக்கும் சந்தோசம்தான், இல்லை என்று சொல்ல முடியாது, தெருவில் நடந்தால் அவளுக்கு ஒரு தனி மரியாதை. ஆனால் திருநாள் முடிந்து கிதாரை எடுத்து மடியில் வைத்தபோதுதான் அவளுக்கு விசயம் தெரிந்தது. அந்த மெட்டில் இருந்த சுரங்கள் கிதாரில் இல்லை. அந்த இடங்களில் விரல் வைத்து மீட்டினால் பலகையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தந்தியை மாற்றினாள், மைக்கை மாற்றினாள், கடைசியில் கடையில் போய் வேறு கிதாரையே எடுத்து வாசித்துப் பார்த்தாள், அவள் விரல் பட்டால் அதிலும் பலகைதான். எல்லாம் நடுவாந்திரச் சுரங்கள், அதைத் தொடாமல் எந்தப் பாட்டும் ஓடாது. நீளப் பாட்டின் அடித்தளமே அந்த மெட்டுத்தான். ஊரே கேட்கிறதென்று சந்தோசப்படுவதா, ஒரு துண்டை மட்டும் கேட்டுவிட்டு மிச்சத்தை அடைத்துப் போட்டார்களே என்று அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கஸ்பாரிடம் சொன்னபோது அவர் மக்ரூன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து வாசவி என்று ஒருத்தி கூப்பிட்டாள். புதுமாதிரி இசைக்கென்றே வருசத்துக்கு ஒரு மாலை நடத்துகிறவளாம், செலஸ்டினாவின் பழைய பதிவு ஒன்றை எங்கேயோ கேட்டாளாம். "உங்க நீளப் பாட்டை முழுசா வாசிங்க. யாரும் பாதியில எழுந்து போக மாட்டாங்க, நானே கதவுகிட்ட நிக்கறேன்" என்றாள். செலஸ்டினா யோசிக்கவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டாள், போனை வைத்த பிறகுதான் கிதாரில் இல்லாத சுரங்கள் ஞாபகம் வந்தன.

மெட்டைத் திரும்பப் பிடிக்க அவள் செய்யாத வித்தையில்லை. லூப்பர் பெட்டியைத் தெரு நடுவே வைத்து, பேக்கரியிலிருந்து கரண்ட் இழுத்து, சிவப்பு விளக்கு எரிய எரிய உட்கார்ந்திருந்தாள். மெட்டு வந்தது, பெட்டிக்கு முன்னால் நின்றது, சாக்கடை ஓரமாக ஒதுங்கிப் போய்விட்டது. "தெருவில நடந்து பழகினது பெட்டிக்குள்ள எப்படிட்டி போவும்?" என்றார் கஸ்பார். அவருக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான், மக்ரூனை நினைத்தா மனைவியை நினைத்தா என்று அவரே அறியார்.

விசயம் தெருவுக்குத் தெரிந்து எல்லாரும் கெபிப் படியில் கூடினார்கள். மெட்டு ஒரு தடவை அவர்கள் முன்னாலேயே தாண்டிப் போனது, எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அனிட்டாதான், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "போன்ல போகுமேக்கா" என்றாள். "எங்க வீட்டுக்காரரு கப்பல்ல அப்படித்தான் கேக்காக. நீங்க மேடையிலருந்து போன் போடுங்க, நாங்க இங்க பிடிக்கோம், முழுசா ஏத்தி அனுப்பிருவோம்."

"முழுசா போயிட்டு திரும்பாட்டா?" என்றாள் மீன்காரம்மா.

செலஸ்டினா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மிராந்தா மாமா ஒரு பாட்டம் இருமி முடித்து, "அது யாரு மெட்டு? அந்தப் பிள்ள மெட்டு. இத்தன நாள் நாம ஓசியில கேட்டோம். இன்னும் பேசுனா நல்லாருக்காது" என்றார். போனைத் தானே பிடிப்பதாகவும் சொன்னார், கிரேனில் கனத்த சரக்கையெல்லாம் கீறல் விழாமல் இறக்கின கை என்று காட்டினார்.

சென்னையில் அந்த மண்டபத்தில் செலஸ்டினா மேடையேறி, செருப்பைக் கழற்றிவிட்டு, "எங்க தெருவுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன்" என்று சொன்னபோது ஒருவரும் அசரவில்லை, புதுமாதிரி இசை கேட்க வந்தவர்கள் எதற்கும் அசர மாட்டார்கள், அதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்தார்கள். போனை லேப்டாப்பில் சொருகிக் கிதாரின் மேல் பலகையில் வைத்தாள். அந்தப் பக்கம் மிராந்தா மாமாவின் மூச்சு இரைந்தது, கடல் இரைந்தது. "பேக்கரிய விட்டு திரும்பிட்டு," என்றார் அவர் மெதுவாக, "மீன்காரி வீடு தாண்டிட்டு... நம்ம அனிட்டா வாசல்ல நிக்கி, பிள்ளையப் பாக்குது போல... இந்தா வருது, வந்துட்டு. போயிட்டு வாய்யா." அது கிதாரின் வயிற்றுக்குள் இறங்கினதை அவள் விலா எலும்பில் உணர்ந்தாள். தொட்டாள். பலகை பேசியது. எல்லாச் சுரமும் இருந்தன, வெயிலும் உப்புக்காற்றும் பட்டுக் கொஞ்சம் கரகரத்து, ஆனால் அத்தனையும் இருந்தன.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். மெட்டைச் சுற்ற விட்டு, அதன்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கி, லேப்டாப்பில் இழுத்து நீட்டி, தலைகீழாய்த் திருப்பி, மழை பெய்கிற மாதிரி ஆக்கி, மழைக்குள் மறுபடியும் மெட்டைத் தேடி எடுத்து, கடைசியில் ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கழற்றி ஒற்றைச் சுரத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கையை எடுத்தாள். அந்தக் கணம் அவள் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

கைதட்டினார்கள். ஆனால் கண்ணில் விளக்கு கூசியதில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் தூங்கி எழுந்து தட்டினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசவி வந்து கட்டிப்பிடித்து, நல்லாயிருந்தது என்றாள், நல்லாயிருந்தது என்று கல்யாண வீட்டு ரசத்தைக்கூடத்தான் சொல்கிறோம். எல்லாரும் போன பிறகு செலஸ்டினா கிதாரைத் தொட்டுப் பார்த்தாள். பலகைச் சத்தம். ரயிலேறி, சார்ஜ் போட்டு, கஸ்பாரைக் கூப்பிட்டாள்.

"இன்னும் இங்க வரலட்டி," என்றார் அவர். "நீ பத்திரமா வா."

காலையில் அவள் வந்து இறங்கியபோது தெரு காலியாகக் கிடந்த மாதிரி இருந்தது, ஆள்கள் எல்லாரும் இருந்தும். பால் பொங்கி வழிந்த வாடை இரண்டு வீட்டில் அடித்தது. பேக்கரியில் மக்ரூன்கள் தட்டோடு சப்பையாய்ப் படுத்திருந்தன. அனிட்டா வீங்கின கண்ணோடு, கத்துகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். செலஸ்டினாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கடைசி வரைக்கும் வாசிச்சியளாக்கா?" என்று கேட்டாள் அனிட்டா.

"வாசிச்சேம்மா."

"அப்பம் சரி," என்று சொல்லிக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

திட்டியிருந்தால்கூடச் செலஸ்டினா தாங்கியிருப்பாள். ஒரு தெருவின் சந்தோசத்தை ரயிலேற்றிக் கொண்டுபோய், யார் கேட்டார்கள் என்றே தெரியாத இடத்தில் தொலைத்துவிட்டு வந்தோமே என்று கெபிப் படியில் போய் உட்கார்ந்தாள். மிராந்தா மாமா அங்கேதான் இருந்தார், பேச்சு அறுந்த போனைக் கையில் ஏந்தினபடியே, சாப்பிடக்கூடப் போகவில்லையாம்.

மத்தியானம் தாண்டி வெயில் சாய்கிற நேரத்தில் நாய்கள் தலையைத் தூக்கின. ரயில்வே ஸ்டேசன் பக்கமிருந்து, பெரிய ரோட்டைத் தாண்டி, நெடுந்தூரம் நடந்து களைத்த மாதிரி மெதுவாக அது வந்தது. போன் அணைந்ததும் வந்த வழி அடைபட்டுப் போக, தண்டவாளத்தைப் பிடித்து நடந்தே வந்திருக்கிறது என்று தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். கெபியைத் தாண்டியது, அனிட்டா வீட்டைத் தாண்டியது, குழந்தை விக்கி அடங்கியது. மெட்டு முடிந்து கடைசியில், இதுவரை தெருவில் யாரும் கேட்டறியாத ஒரு இருமல் வந்தது. கனத்த, ஆம்பிளை இருமல்.

"சேசு மரி சூசை," என்றாள் மீன்காரம்மா. அடுத்த வீட்டிலும் சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும்.

"யார் இருமல் இது?" என்றார் கஸ்பார் கையில் நுரையோடு ஓடிவந்து.

"மண்டபத்துல யாரோ," என்றாள் செலஸ்டினா, முகம் செத்துப்போய். "பாட்டு பிடிக்காம இருமியிருப்பாக."

மிராந்தா மாமா கையை உயர்த்தி எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னார். மெட்டு பேக்கரி வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இருமுகிற வரை காதைக் கொடுத்துக் காத்திருந்தார். பிறகு மறுபடியும் ஒரு தடவை கேட்டார். அவர் முகம் மெல்ல விரிந்தது.

"ஏ பிள்ள, எனக்கு வேற எது தெரியாட்டாலும் இருமல் தெரியும். பிடிக்காத இருமல் நடுவுல வரும், சின்னதா வரும், சும்மா தொண்டையச் செருமும். இது அது இல்ல. பூசையில சாமியாரு அப்பத்த உசத்திக் காட்டுற எழுந்தேற்றம் முடியட்டும்னு நான் வாயப் பொத்திக்கிட்டு கண்ணுல தண்ணி வர அடக்கிக்கிட்டு இருப்பேம்லா, மணி அடிச்சி முடிஞ்சதும் பொத்துக்கிட்டு வருமே, அந்த இருமல். நீ கடைசியில கையத் தூக்குற வரைக்கும் அந்த மனுசன் பிடிச்சி வச்சிருந்திருக்கான். முழுப் பாட்டுக்கும் பிடிச்சி வச்சிருக்கான் பாவி!"

செலஸ்டினா அவரையே பார்த்தாள். அப்புறம் படியில் சரிந்து உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள், கஸ்பார் நுரைக்கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார், சேலையெல்லாம் சீனி.

கிதாரில் அந்தச் சுரங்கள் இப்போதும் இல்லை. எங்காவது வாசிக்கப் போனால் போன் போடுகிறாள், மிராந்தா மாமா ஏற்றி அனுப்புகிறார், போனது திரும்பி வருகிறது, வரும் வரைக்கும் தெரு பாலைப் பொங்க விட்டுக்கொண்டு காத்திருக்கிறது. அந்த இருமல் கொஞ்ச நாள் சுற்றியது. வீட்டுக்கு வீடு வேண்டிக்கொண்டார்கள், இன்றைக்குச் சளி இளகியிருக்கிறது, இன்றைக்கு நெஞ்சு லேசாயிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள், அது தேய்ந்து வெறும் செருமலாகி ஒரு நாள் நின்றபோது, ஆளுக்குக் குணமாகிவிட்டதென்று கஸ்பார் தெருவுக்கெல்லாம் மக்ரூன் கொடுத்தார்.

அடுத்த வருசமும் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது மிராந்தா மாமா பனங்கற்கண்டுப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "அந்த வாசவிப் பிள்ளகிட்ட சொல்லி, அந்த மனுசனக் கதவு பக்கம் உக்கார வைக்கச் சொல்லு. தாங்கலன்னா வெளிய போயி இருமிக்கிடட்டும், பாவம்" என்றார்.

"எங்க உக்கார வச்சாலும் போக மாட்டாக மாமா," என்றாள் செலஸ்டினா, பொட்டலத்தைக் கிதார் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டே.